சனிக்கிழமை சாயங்காலத்து நீலப் பெட்டி



கோவைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் சில நாட்களாக என் மேஜை மேலேயே இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்குத் துணையாக பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரைப் பார்க்க உட்கார்ந்தாராம். இப்போது பையன் தூங்கிய பிறகு அடுத்த எபிசோடைத் தனியாகப் போட்டுப் பார்க்கிறாராம். வீட்டில் சிரிக்கிறார்கள். ரப்பர் முகமூடி போட்ட வேற்றுக்கிரகவாசிகளைப் பார்த்து நாற்பது வயதுக்காரி கண் கலங்கலாமா என்று கேட்டிருக்கிறார். "உனக்கு இன்னும் குழந்தை மனசு" என்று கணவர் சமாதானம் சொன்னாராம்.

கணவர் அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. குடும்பத்தோடு பார்க்கும் அறிவியல் புனைவுத் தொடரை ரசிக்க வேண்டுமானால் பெரியவர்கள் கொஞ்ச நேரம் குழந்தையாக மாற வேண்டும் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். நல்ல தொடர் அப்படிக் கேட்பதே இல்லை. நாற்பது வயதின் நினைவு, கவலை, இழப்பு எல்லாவற்றோடும் வந்து உட்காரத்தான் அது நம்மை அழைக்கிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாத சில விஷயங்கள் நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அதன் பாதிக் காட்சிகள் எழுதப்படுகின்றன.

பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். டாக்டர் என்பவர் வேறு கிரகத்தைச் சேர்ந்தவர். டார்டிஸ் என்ற வண்டியில் எந்தக் காலத்துக்கும் எந்த இடத்துக்கும் போவார். வெளியிலிருந்து பார்த்தால் அது பழைய லண்டன் தெருக்களில் நின்ற நீல நிறப் போலீஸ் பெட்டி. உள்ளே போனால் மாளிகை அளவுக்கு இடம். கூடவே பயணம் செய்ய பூமியிலிருந்து யாராவது ஒருவர் இருப்பார். டாக்டர் துப்பாக்கி எடுக்க மாட்டார். உயிர் போகிற நிலை வந்தால் அவருடைய உடம்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டு வேறு முகம் எடுக்கும். 1966-இல் உடல்நலம் குன்றியிருந்த முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல் விலக வேண்டி வந்தபோது கண்டுபிடித்த வழி இது. தொடர் இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கே இதுதான் காரணம்.

இது யாருக்காக உருவாக்கப்பட்டது என்பதைப் பார்த்தாலே வாசகியின் கூச்சம் பாதி போய்விடும். 1963-இல் பிபிசி நாடகப் பிரிவின் தலைவராக இருந்த கனடாக்காரர் சிட்னி நியூமனுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. சனிக்கிழமை மாலை 'கிராண்ட்ஸ்டாண்ட்' என்ற விளையாட்டு நிகழ்ச்சி முடிகிறது. அதைப் பார்த்தவர்களில் அப்பாக்கள் அதிகம். சற்று நேரம் கழித்து 'ஜூக் பாக்ஸ் ஜூரி' என்ற பாட்டு நிகழ்ச்சி. அது இளவட்டங்களுக்கு. நடுவில் இருக்கும் இடைவெளியில் அப்பாவும் எழுந்து போகக் கூடாது, மகளும் வந்து உட்கார வேண்டும், சின்னவனும் ஓடி வர வேண்டும். அதற்காகப் பிறந்ததுதான் இந்தத் தொடர். முதல் பாத்திரங்களைப் பாருங்கள். ஒரு கிழவர், அவருடைய பதின்வயதுப் பேத்தி, அவள் படிக்கும் பள்ளியின் வரலாற்று ஆசிரியை, அறிவியல் ஆசிரியர். மூன்று தலைமுறை ஒரே வண்டியில் ஏறுகிறது. குழந்தைகளுக்காக எடுத்ததைப் பெரியவர்கள் பிறகு வந்து எட்டிப் பார்த்த கதை இல்லை இது. பெரியவர்களுக்கான இடம் முதல் நாளே போடப்பட்டுவிட்டது.

எடுத்தவர்கள் யார் என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது 27 வயது. பிபிசி நாடகப் பிரிவில் அன்று வேறு பெண் தயாரிப்பாளர் கிடையாது. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். அவருக்கு 24. மேலதிகாரிகள் அதிகம் நம்பிக்கை வைக்காத ஒரு வேலையை ஓர் இளம்பெண்ணும் ஓர் இந்திய இளைஞரும் நெருக்கடியான சின்ன ஸ்டுடியோவில் செய்து முடித்தார்கள். நவம்பர் 23-ஆம் தேதி முதல் எபிசோட் ஒளிபரப்பானது. முந்தைய நாள்தான் அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டிருந்தார். அன்று எத்தனை பேர் மனம் ஒன்றிப் பார்த்திருக்க முடியும்? அடுத்த வாரம் இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் முதலாவதையும் சேர்த்துப் போட்டார்கள்.

அந்த முதல் கதை முடியும் இடத்தில் ஒரு காட்சி. வண்டி எங்கோ இறங்கியிருக்கிறது. வெளியே கதிர்வீச்சு இருக்கிறதா என்று பேத்தி மீட்டரைப் பார்க்கிறாள். முள் சரியான இடத்தில் இருக்கிறது. எல்லோரும் திரும்பி நடக்கிறார்கள். ஆள் இல்லாத நேரத்தில் முள் மெல்ல நகர்ந்து அபாயக் கோட்டைத் தொடுகிறது. எபிசோட் அங்கே முடிகிறது.

பத்து வயதுப் பிள்ளைக்கு இது அடுத்த வாரம் வரை தூக்கத்தைக் கெடுக்கும் திகில். ஆனால் அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மா அப்பாவை நினைத்துப் பாருங்கள். 1962 அக்டோபரில்தான் கியூப ஏவுகணை நெருக்கடி நடந்தது. நாளைக்கு விடியுமா என்று தெரியாமல் படுத்த இரவுகள் அவர்களுக்கு மறந்திருக்காது. அந்த முள் நகர்ந்தபோது அவர்கள் கண்டது வேறு கிரகத்தை அல்ல. தொடர்ந்து வந்த கதையில் அணுப்போரில் கருகிய ஒரு காடு, இரும்புக் கூண்டுக்குள் சுருங்கிப்போன ஓர் இனம். அதுதான் டாலெக். எழுதிய டெர்ரி நேஷன் போர்க்காலத்தில் கார்டிஃபில் வளர்ந்தவர். தங்களைப்போல இல்லாத எதையும் அழிக்க வேண்டும் என்று கத்தும் அந்த இயந்திரங்களை நாஜிகளை மனதில் வைத்தே எழுதினார். வடிவமைத்த ரேமண்ட் குசிக் கால்களே இல்லாமல் வழுக்கிச் செல்லும்படி அவற்றைச் செய்தார். உள்ளே ஆள் இருப்பது கண்ணில் படக் கூடாது என்பது அவர் எண்ணம். பிள்ளைகள் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கையை நீட்டிக்கொண்டு டாலெக் குரலில் கத்தி விளையாடினார்கள். பெற்றோருக்கு அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தது.

ஒரு வருஷம் கழித்து வந்த 'த டாலெக் இன்வேஷன் ஆஃப் எர்த்' கதையில் டாலெக்குகள் லண்டனையே பிடித்துவிடுகின்றன. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் உலாவுகின்றன. குண்டுமழை நின்று இருபது வருஷம்கூட ஆகாத ஊர் அது. அதன் கடைசிக் காட்சி 1964 டிசம்பர் 26 அன்று வந்தது. எல்லாச் சண்டையும் முடிந்த பிறகு பேத்தி சூசன் தவிக்கிறாள். அவளுக்கு டேவிட் என்ற இளைஞன்மேல் விருப்பம். ஆனால் வயதான தாத்தாவைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. வாய் திறந்து கேட்கவும் முடியவில்லை. ஓட்டை விழுந்த அவளுடைய ஷூவைச் சரிசெய்து தருகிறேன் என்று கொஞ்ச நேரம் முன்னால்தான் தாத்தா வாங்கிக்கொண்டிருக்கிறார். இப்போது அவர் வண்டிக்குள் போய்க் கதவை உள்பக்கமாகப் பூட்டிவிடுகிறார். அவளுக்காக அந்த முடிவை அவரே எடுத்துவிட்டார். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளுக்கு விடை கொடுத்துவிட்டுப் புறப்படுகிறார்.

பிள்ளைகள் ஒரு பாத்திரம் போய்விட்டதே என்று வருந்தியிருப்பார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய ஒருவர் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது அவருக்குள் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இதை ரசிக்கக் குழந்தை மனசு போதாது. வயது வேண்டும்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். கதையைத் தாண்டி, ஒரு வேலை எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்து மகிழ்வதும் பெரியவர்களுக்கே கிடைக்கும் சுகம். இந்தத் தொடரின் முகப்பு இசையை ரான் கிரெய்னர் தாளில் எழுதிக் கொடுத்தார். அதை ஒலியாக்கியவர் டீலியா டெர்பிஷையர். பிபிசியின் ஒலிப் பட்டறையில் வேலை பார்த்த, கணிதமும் இசையும் படித்த பெண். இன்று சின்தசைஸரில் ஒரு விரலால் செய்வதற்கு அன்று கருவி கிடையாது. ஒரு கம்பியை மீட்டிய ஓசை, ஒலியலைக் கருவியின் ஊதல், இப்படி ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக டேப்பில் பதிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, சுரத்துக்குரிய நீளத்துக்கு டேப்பை பிளேடால் வெட்டி, துண்டுதுண்டாக ஒட்டிச் சேர்த்தார். கேட்ட கிரெய்னர் இதையா நான் எழுதினேன் என்று வியந்துபோனார். பாதி உரிமையை அவருக்குத் தர விரும்பினார். நிறுவனத்தின் விதிமுறை இடம் தரவில்லை. ஐம்பதாவது ஆண்டுச் சிறப்பு எபிசோடில், 2013-இல்தான், டீலியாவின் பெயர் திரையில் வந்தது. அப்போது அவர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த நீலப் பெட்டி கிளம்பும்போது கரகரவென்று மூச்சிரைக்கும் ஓசை வருமே, அதை பிரையன் ஹாட்ஜ்சன் ஒரு வீட்டுச் சாவியைப் பழைய பியானோவின் தடித்த கம்பிகள்மேல் இழுத்து உண்டாக்கினார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் சிரிப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்தத் தொடரில் அசட்டுத்தனம் நிறைய உண்டு. அறுபது வருஷத்துத் தொடரில் சரக்கு இல்லாத எபிசோடுகளும் ஏராளம். அறிவியல் என்று பார்த்தால் பல இடங்களில் அது அறிவியலே இல்லை. எழுத்தாளர் சுஜாதாவைப் படித்து வளர்ந்து, ஒவ்வொரு கருவிக்கும் காரணம் கேட்டுப் பழகியவர்களுக்கு எரிச்சல் வரலாம். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அசட்டுத்தனத்தைக் கண்டவுடன் எழுந்து போனால் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதை மட்டும் காட்ட ஆசைப்படுகிறேன்.

1989-இல் நின்றுபோன தொடர், நடுவில் 1996-இல் வந்த ஒரு தொலைக்காட்சிப் படத்தைத் தவிர, 2005 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து நாடகம் பார்க்கும் காலம் மலையேறிவிட்டது என்பது அன்றைய பிரிட்டிஷ் தொலைக்காட்சி உலகில் பரவலாக இருந்த எண்ணம். பெரியவர்களுக்கான கனமான நாடகங்களை எழுதிப் பேர் வாங்கியிருந்த ரஸல் டி டேவீஸ் பொறுப்பேற்றார். முதல் எபிசோடை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த 'ஏலியன்ஸ் ஆஃப் லண்டன்' கதையில் வேற்றுக்கிரகவாசிகள் குண்டு மனிதர்களின் தோலைப் போர்த்திக்கொண்டு அரசாங்கத்துக்குள் புகுந்திருக்கிறார்கள். அந்த வேஷத்துக்குள் அடைபட்ட வாயு அடிக்கடி சத்தத்தோடு வெளியேறும். எட்டு வயசுப் பையன்கள் உருண்டு சிரிப்பார்கள். பெரியவர்கள் முகம் சுளித்து ரிமோட்டைத் தேடுவார்கள். பல தீவிர ரசிகர்களுக்கே அந்தக் கதைமேல் இன்றுவரை கோபம்.

ஆனால் அதே எபிசோடின் முதல் சில நிமிடங்களைப் பாருங்கள். பத்தொன்பது வயது ரோஸ், டாக்டரோடு சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். போய்ப் பன்னிரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் துள்ளிக்கொண்டு மாடியேறி வீட்டுக்குள் நுழைகிறாள். அம்மா ஜாக்கியின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை நழுவி விழுகிறது. கீழே டாக்டர் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு நோட்டீஸைப் பார்க்கிறார். காணவில்லை என்று ரோஸின் படம் போட்ட நோட்டீஸ். போய்ப் பன்னிரண்டு மாதம் ஆகிவிட்டது. அந்த ஒரு வருஷம் அந்தத் தாய் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறாள். மகளின் காதலன் மிக்கியைக் கொலைகாரன் என்று சந்தேகித்திருக்கிறாள், போலீஸும் அவனை மறுபடி மறுபடி கூப்பிட்டு விசாரித்திருக்கிறது. நோட்டீஸ் அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறாள். அந்த வருஷம் நமக்குத் திரையில் காட்டப்படுவதில்லை. டாக்டரின் கன்னத்தில் அவள் விடும் அறையில் அது முழுவதும் இருக்கிறது. இதே கதையின் அடுத்த பகுதியில் அவள் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்பாள்: என் மகள் எப்போதும் பத்திரமாக இருப்பாள் என்று வாக்குக் கொடுக்க முடியுமா? எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் டாக்டர் வாய் திறக்க மாட்டார்.

பையனுக்கு வாயு, அம்மாவுக்கு அந்த நோட்டீஸ். இரண்டும் முக்கால் மணி நேரத்துக்குள் ஒரே வீட்டுக்குப் பரிமாறப்படுகின்றன. கூட்டாஞ்சோற்றில் அவரவர்க்குப் பிடித்த காய் கிடைப்பது மாதிரிதான். பையனுக்குப் பிடித்தது நமக்குப் பிடிக்கவில்லை என்பதால் பானையையே நகர்த்தி வைக்க வேண்டாம்.

வாசகி கண் கலங்கியதாக எழுதியிருக்கும் எபிசோட் 2005 மே மாதம் வந்த 'ஃபாதர்ஸ் டே'. எழுதியவர் பால் கார்னெல். எனக்கும் மிகவும் நெருக்கமானது என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதியுங்கள்.

ரோஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுடைய அப்பா பீட் இறந்துவிட்டார். 1987-இல் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் கார் மோதி, யாரும் பக்கத்தில் இல்லாமல் தெருவில் உயிர் போயிற்று. உன் அப்பா மாதிரி ஆள் உண்டா என்று சொல்லிச் சொல்லியே அம்மா அவளை வளர்த்திருக்கிறாள். அந்த நாளுக்குத் தன்னை அழைத்துப் போகும்படி டாக்டரிடம் ரோஸ் கேட்கிறாள். சாகும் நேரத்தில் அப்பா தனியாக இருக்கக் கூடாது, கையையாவது பிடித்துக்கொள்கிறேன் என்கிறாள். முதல்முறை காலே நகரவில்லை. இரண்டாவது முறை அவளையும் அறியாமல் ஓடிப்போய் அப்பாவைக் கார் வரும் பாதையிலிருந்து தள்ளிவிடுகிறாள். அவர் பிழைத்துக்கொள்கிறார்.

அதனால் காலத்தில் காயம் விழுந்து, இறக்கை வைத்த பூதங்கள் வந்து ஆட்களைக் கொத்திக்கொண்டு போகின்றன. பிள்ளைகளுக்குப் பயம் காட்ட அது போதும். நான் பார்ப்பது அந்தப் பக்கம் அல்ல. ரோஸ் முதன்முதலாகத் தன் அப்பாவை உயிரோடு பார்க்கிறாள். அம்மா சொன்ன மனிதர் இல்லை அவர். சத்துப் பானம் விற்கிறேன், அதை விற்கிறேன், இதை விற்கிறேன் என்று எதிலும் தேறாமல், வீடு முழுக்கச் சாமான்களை அடைத்து வைத்திருக்கும் சாதாரண ஆள். கல்யாண மண்டபமான சர்ச் வாசலிலேயே அம்மா அவரை நாலு பேர் முன்னால் கிழிகிழியென்று கிழிக்கிறாள். வீட்டில் பெற்றோர் சண்டை போடுவதைக் கேட்டு வளர்ந்த எவராலும் அந்தக் காட்சியில் உட்கார்ந்திருக்க முடியாது.

சர்ச்சுக்குள் எல்லோரும் அடைபட்டிருக்கும்போது இவள் தன் மகள்தான் என்று பீட்டுக்குப் புரிந்துவிடுகிறது. நான் எப்படிப்பட்ட அப்பாவாக இருந்தேன் என்று கேட்கிறார். ரோஸ் சொல்கிறாள்: தினமும் ராத்திரி கதை வாசித்துக் காட்டினீர்கள், ஒருநாள்கூடத் தவறவில்லை. வாரக் கடைசியில் வெளியே கூட்டிப் போனீர்கள். எப்போது கூப்பிட்டாலும் வந்து நின்றீர்கள்.

அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பிறகு, அது நான் இல்லையே என்கிறார்.

தன்னைப் பற்றித் தனக்குத் தெரியும். வாக்குக் கொடுத்துவிட்டுச் சறுக்கும் ஆள் தான் என்று தெரியும். அத்தனை ஒழுங்கான அப்பாவாகத் தான் இருந்திருக்க முடியாது. அப்படியானால் மகள் பொய் சொல்கிறாள். ஏன் பொய் சொல்ல வேண்டும்? தான் அங்கே இருந்திருக்கவே இல்லை என்பதால். தன் மரணத்தை அவர் இப்படிக் கண்டுபிடிக்கிறார், தன்னுடைய குறைகளை வைத்து. வெளியே அவரைக் கொன்றிருக்க வேண்டிய கார் சர்ச்சைச் சுற்றித் திருப்பத்தில் தோன்றித் தோன்றி மறைந்துகொண்டிருக்கிறது. கல்யாணப் பரிசாகக் கொண்டுவந்த பூஜாடியை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் ஓடுகிறார். இந்தமுறை ரோஸ் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

மகன் பார்த்தது அப்பாவைக் காப்பாற்ற முயன்ற ஒரு பெண்ணின் கதை. அம்மா பார்த்தது, ஒருநாளாவது மகள் நினைப்பது மாதிரியான அப்பாவாக இருந்துவிட்டுப் போன ஒருவனின் கதை. பெற்றவர்கள் எல்லோருக்குமே பிள்ளைகள் மனதில் இருக்கும் உருவத்துக்கும் தங்களுக்கும் இடையிலான தூரம் தெரியும். அந்தத் தூரத்தை இவ்வளவு துல்லியமாகத் தொட்ட காட்சியை, பெரியவர்களுக்கென்றே எடுக்கப்பட்ட நாடகங்களிலும் நான் அதிகம் கண்டதில்லை. இதில் கெட்ட வார்த்தை இல்லை, படுக்கையறை இல்லை, ரத்தம் தெறிப்பதில்லை. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்ற கட்டுப்பாடு எழுத்தாளரிடமிருந்து சுலபமான வழிகளைப் பறித்துவிடுகிறது. அதிர்ச்சி கொடுக்க முடியாது, ஆகவே நேராக மனசுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2006-இல் இதே உலகத்திலிருந்து 'டார்ச்வுட்' என்ற தொடரை வயது வந்தோருக்காக, இரவு நேரத்துக்கு எடுத்தார்கள். ஆரம்ப எபிசோடுகளில் தாராளமாக உடலுறவும் வன்முறையும் வந்தன. முதிர்ச்சி வரவில்லை என்பது என் கருத்து. 2009-இல் வந்த 'சில்ட்ரன் ஆஃப் எர்த்' ஐந்து பகுதிகளும் வேறு ரகம், அவை அருமையானவை. அங்கே பயமுறுத்துவது, எந்தப் பிள்ளைகளைப் பலி கொடுக்கலாம் என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் அமைச்சர்கள். அதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள்.

2010-இல் ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுதிய 'வின்சென்ட் அண்ட் த டாக்டர்' பலருக்குத் தெரிந்திருக்கும். வாழும்போது யாரும் சீந்தாத வான்காவை டாக்டர் இன்றைய பாரிஸில் இருக்கும் ஓர்சே அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்து, அவருடைய ஓவியங்கள் முன்னால் கூட்டம் நிற்பதைக் காட்டுவார். அதோடு முடித்திருந்தால் நல்ல கதை. கூடவந்த பெண் ஏமி, இத்தனை சந்தோஷத்தைப் பார்த்துவிட்ட மனிதர் இனி தற்கொலை செய்துகொண்டிருக்க மாட்டார், புதிது புதிதாக ஓவியங்கள் இருக்கும் என்று நம்பி மறுபடி உள்ளே ஓடுவாள். புது ஓவியம் ஒன்றும் இருக்காது. அன்பு ஒருவருடைய நாட்களில் நல்லதைச் சேர்க்கும், நோயை நீக்கிவிடாது என்பதை ஒரு குடும்பத் தொடர் சனிக்கிழமை மாலையில் சொன்னது. மன உளைச்சலில் இருப்பவர்கள் அழைக்க ஓர் உதவி எண்ணையும் எபிசோட் முடிவில் பிபிசி அறிவித்தது. இதைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டுக்கு வந்த எபிசோடும் ஒன்று உண்டு. 2018 நவம்பரில், வினய் பட்டேல் எழுதிய 'டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்'. டாக்டர் அப்போது பெண் உருவில் இருந்தார், நடித்தவர் ஜோடி விட்டேக்கர். ஷெஃபீல்டில் வளர்ந்த யாஸ் என்ற பெண்ணுக்குப் பாட்டி உம்ப்ரீன் ஓர் உடைந்த கைக்கடிகாரத்தைத் தருகிறார். கதை கேட்டால் சொல்ல மறுக்கிறார். யாஸ் டார்டிஸில் ஏறி 1947 ஆகஸ்டில் போய் இறங்குகிறாள். அங்கே இளம் உம்ப்ரீனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யாஸின் தாத்தா இல்லை. பிரேம் என்ற இந்து இளைஞன். எல்லைக்கோடு அந்த ஊர் வழியாகப் போகிறது.

காட்டில் விகாரமான முகத்தோடு இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் நடமாடுகிறார்கள். கொலைகாரர்கள் அவர்கள்தான் என்று பிள்ளைகள் உடனே முடிவு செய்வார்கள். அவர்கள் முன்பு கொலைகாரர்களாக இருந்து, தங்கள் இனமே அழிந்த பிறகு அதை விட்டவர்கள். தனியாகச் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்பதற்காக வந்திருக்கிறார்கள். பிரேமின் மரணத்துக்கு வழி செய்வது அவன் தம்பி மனீஷ். கூடப் பிறந்தவன், கூடச் சாப்பிட்டவன், வெறுப்பைப் பேச்சிலும் துண்டுப் பிரசுரத்திலும் கற்றுக்கொண்டவன். பூதம் எது என்ற கேள்விக்குப் பதில் அப்படித் திரும்பும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உங்களைப் பார்த்து ஏன் என்று கேட்கும். அந்தப் பதிலைத் தொடர் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். நானறிந்த லண்டன், டொராண்டோ ஈழத் தமிழ்க் குடும்பங்களில் இலங்கையில் 1983-இல் நடந்த தமிழர் எதிர்ப்புக் கலவரத்தைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் வாய் திறக்காத பாட்டிகள் இருக்கிறார்கள். வேறொரு மண்ணின் கதையாக இது திரையில் ஓடும்போது, அவர்களுக்கும் பேச ஒரு வழி கிடைக்கக்கூடும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: 1963-லிருந்து பார்க்க வேண்டியதில்லை. பழைய டேப்புகளை பிபிசியே அழித்துவிட்டதால் அறுபதுகளின் எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேல் படமாகக் கிடைக்காமல் போயின. அவற்றின் ஒலி மட்டும் முழுவதும் இருக்கிறது. அன்றைய ரசிகர்கள் வீட்டில் டிவி பக்கத்தில் டேப் ரிகார்டரை வைத்துப் பதிந்து வைத்திருந்தார்கள். அதில் பலர் பள்ளிப் பிள்ளைகள். நீங்கள் 2005-இன் பதிமூன்று எபிசோடுகளில் தொடங்குங்கள். வாயுக் கதை நான்காவதாக வரும், தாண்டிவிடாதீர்கள். பயந்த சுபாவமுள்ள பிள்ளையாக இருந்தால் ஒன்பதாவது, பத்தாவது எபிசோடுகளைப் பகலில் பாருங்கள். போர்க்கால லண்டனில் வாயுக்கவச முகமூடி போட்ட ஒரு சிறுவன் அம்மாவைத் தேடிக்கொண்டு அலைவான். ஆங்கிலம் வேகமாகப் போகும், சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுத எழுத எனக்கு ஓர் ஏக்கம் வருகிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஒரு காலத்தில் தூர்தர்ஷனில் தொடராக வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியைப் பற்றிச் சிறுவர்களும் பேசினார்கள், அவர்களுடைய அப்பாக்களும் பேசினார்கள். இன்று தமிழ்ச் சேனல்களில் இரவு ஏழிலிருந்து பத்து வரை வரிசையாகத் தொடர்கள் ஓடுகின்றன. பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் சேர்ந்து பார்க்கவென்று எழுதப்பட்ட ஓர் அறிவியல் கதை அவற்றில் இல்லை. செலவு ஒரு காரணம் என்பார்கள். சாவியையும் பியானோக் கம்பியையும் வைத்துக் காலயந்திரத்துக்குக் குரல் கொடுத்தவர்களைப் பற்றி இப்போதுதானே பேசினோம். எழுத்து வந்தால் மற்றது வரும்.

அதற்காக இந்த இதழிலிருந்து நம்மால் முடிந்த ஒன்றைச் செய்வோம். உங்களில் எழுதும் ஆர்வமுள்ளவர்கள் ஓர் அறிவியல் புனைகதை எழுதி அனுப்புங்கள். மூவாயிரம் சொற்களுக்குள் இருக்கட்டும். நடக்கும் இடம் திருநெல்வேலியாக இருக்கலாம், செவ்வாய்க் கிரகமாக இருக்கலாம். ஒரே நிபந்தனைதான். அனுப்பும் முன் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஒரு சின்னப் பிள்ளையையும் ஒரு பெரியவரையும் சேர்த்து உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் யார் எழுந்து போனார்கள் என்று குறித்துவைத்து, அந்த இடத்தை மாற்றி எழுதிய பிறகு எங்களுக்கு அனுப்புங்கள். தேர்ந்தெடுத்தவற்றைப் பொங்கல் இதழிலிருந்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்